வெயில் காலத்து உத்தியோகம்

டித்வா புயலில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்த கதையைக் கிழக்கிலங்கையின் தோப்பூரில் கேட்டால் தோணிக்காரரும் சமைத்த சோறும் வந்துவிடும். அந்தக் கதையில் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர் வரமாட்டார். சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்த வேலைக்கு நாற்காலி கிடைத்தது; மதிப்புத்தான் இன்னும் கிடைக்கவில்லை. பட்டம் முடித்த பிள்ளைகளுக்கு இந்த உத்தியோகமல்ல, ஆசிரியர் நியமனமே கனவு. ஆனால் இந்தத் தொழிலின் திறமை மாரியில் அல்ல, வெயிலில்தான் தெரியும். மகாவலி ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மழை பெய்தால் இங்கே எப்போது நீர் ஏறும், நடக்கமாட்டாத மூதாட்டி எந்த ஒழுங்கையில் இருக்கிறார், எந்தப் பள்ளிக்கூடத்து மாடிச் சாவி யாரிடம் என்று ஆடி மாதமே எழுதி வைப்பவர்தான் நல்ல உத்தியோகத்தர். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் செய்தியே வராது. பதவி உயர்வுக்குக் காட்டவும் ஒன்றுமிராது. தோணியில் மீட்டவரைப் பாராட்டும் நாம், தோணியே தேவைப்படாமல் செய்தவரையும் தேடிப் பாராட்டப் பழகவேண்டும்.