ஊசி குத்த டாக்டர் எதுக்கு?

இந்த வாரம் ஜாம்பியா. தெற்கு ஆப்பிரிக்கப் பக்கம், தாமிரம் தோண்டுற நாடு. அங்க எச்.ஐ.வி. பரிசோதனையை யார் செய்யறாங்க என்பதுதான் விஷயம்.

முதல்ல பரிசோதனை எப்படின்னு சொல்லிடறேன். விரல் நுனியில சின்னதா ஒரு குத்து. வர்ற ரத்தத்தை ஒரு பட்டையில வெச்சு, மேல ஒரு சொட்டு திரவம் விடணும். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு பதினஞ்சு நிமிஷம். ஒரு கோடு வந்தா கவலை இல்லை. ரெண்டு கோடு வந்தா இருக்கலாம். வேற வகை கிட் வெச்சு மறுபடி பார்த்துதான் உறுதி சொல்லணும். கோடே வரலைன்னா பட்டை சரியில்லை, தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுக்கணும். கிட்டத்தட்ட வீட்டுல கர்ப்பம் பார்க்கற அட்டை மாதிரிதான். லேப், மின்சாரம் எதுவும் தேவையில்லை.

கஷ்டம் கோட்டைப் படிக்கறதுல இல்லை, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உட்கார்ந்து பேசறதுல. "உங்களுக்கு இருக்கு"ன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு, "அடுத்த ஆள் வாங்க"ன்னு கூப்பிட முடியுமா? பிரசவமும் தடுப்பூசியும் காசநோய் வரிசையும் ஒரே நர்ஸ் தலையில இருக்கிற சுகாதார நிலையத்துல, அந்த அரை மணி நேரத்துக்கு எங்க போறது? 2000களின் நடுவுல மருந்து வர ஆரம்பிச்சுது. யாருக்குக் கொடுக்கணும்னு கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை.

அதனால உள்ளூர்க்காரங்களுக்கே பயிற்சி கொடுத்து உட்கார வெச்சாங்க. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இவங்க வேலையைப் பத்தி 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. சில நிலையங்கள்ல ஆலோசனையிலும் பரிசோதனையிலும் 70 சதவீதம் வரைக்கும் இவங்கதான் பார்த்திருக்காங்க. பதிவேட்டை நிரப்பறதுல நர்ஸ்களை விட இவங்க செஞ்ச தப்பு கம்மி! எனக்கு இதுல பெரிய ஆச்சரியம் இல்லை. பத்து வேலையை ஒண்ணா பார்க்கறவரையும் ஒரே வேலையை ஒழுங்கா பார்க்கறவரையும் ஒப்பிட்டா அப்படித்தான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல்தான், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் தாங்களே இந்தத் துரிதப் பரிசோதனையைச் செய்யலாம்னு பரிந்துரை செஞ்சது. களம் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிருந்தது.

அடுத்து 'பாப்ஆர்ட்'னு ஒரு பெரிய ஆய்வு, 2013 முதல் 2018 வரை. ஜாம்பியாவுல 12, தென்னாப்பிரிக்காவுல 9, மொத்தம் 21 ஊர்கள், சுமார் பத்து லட்சம் மக்கள். இதுல ரெண்டு ரெண்டு பேரா வீடு வீடா போனாங்க; ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 500 வீடு. வாசல்ல நின்னு "ஓடி!"ன்னு குரல் கொடுப்பது ஜாம்பியா வழக்கம். உள்ள வரலாமான்னு அர்த்தம், ஓடறதுக்கு இல்லை :-) ஆம்பளைங்க பகல்ல வீட்டுல சிக்கறதே இல்லைங்கறதுதான் பெரிய தலைவலி. 2019-ல் முடிவு வந்தது: வீடு தேடிப் போன ஊர்கள்ல புதுத் தொற்று சுமார் 20 சதவீதம் குறைவு. அந்த ஊர்களை ரெண்டு வகையா பிரிச்சிருந்தாங்க. ஒண்ணுல 30, இன்னொண்ணுல வெறும் 7. எல்லாருக்கும் உடனே மருந்து கொடுத்த வகையிலதான் இந்த 7! விடை தெரியாம ஆராய்ச்சியாளர்களே மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க.

பக்கத்துத் தெரு அக்கா வந்து ரத்தம் எடுத்தா ரகசியம் நிக்குமாங்கற பயம் நியாயமானதுதான். அதுக்காகவே தூரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போறவங்க உண்டு.

ஆனா என்னை உறுத்தறது 'தன்னார்வலர்'ங்கற வார்த்தை. வாரத்துல அஞ்சு நாள், நர்ஸ் பார்க்க வேண்டிய வேலை. கையில கிடைக்கறது பல இடங்கள்ல பஸ் காசு மாதிரி கொஞ்சம். ஆள் பற்றாக்குறை தீர்ந்துச்சுன்னு அறிக்கை எழுதறோம். தீர்த்தது யாரோட கூலி? வேலைக்கு ஏத்த ஊதியம் கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் எழுதியே வெச்சிருக்கு. கொடுத்த இடங்கள்லயும் பெரும்பாலும் அது வெளிநாட்டுப் பணம். 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வெச்சப்போ ஆப்பிரிக்காவுல எச்.ஐ.வி. திட்டங்கள்ல ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. அரசாங்கச் சம்பளப் பட்டியல்ல பேரே இல்லாத இந்த ஆலோசகர்களும் வீடு வீடா போனவங்களும் அதுல நிறைய. அவங்க பார்த்துக்கிட்டிருந்த வேலை பல இடங்கள்ல திரும்பவும் அதே நர்ஸ் மேசைக்கு வந்து சேர்ந்தது.