அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்பில் ஒரே முறை வேண்டும்

நிலத்திற்குச் சர்வே நம்பரும் நான்கெல்லையும் போதும் என்றிருந்த காலம் கடந்துவிட்டது. பயிர்க் கணக்கெடுப்பு, புயல் நஷ்டக் கணிப்பு முதலிய காரியங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை இலக்கங்களும் இப்பொழுது பதிவாகின்றன. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ல் ‘தானே’ புயலும், 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ புயலும் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தன. கோட்டக்குப்பம் முதல் மரக்காணத்து உப்பளங்கள் வரையுள்ள கரையோர நிலச்சுவான்தார்களுக்கு இத்தகைய சேதம் புதிதன்று. நிலம் ஓரிடத்திலும், ஏட்டிலுள்ள புள்ளி வேறோரிடத்திலும் இருக்குமாயின், நியாயமான விண்ணப்பமும் தள்ளப்படக் கூடும். ஆகையால் இவ்விலக்கங்களை எழுதும் முறையைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதுவது வழக்கத்தில் உள்ளது. கோட்டக்குப்பத்தை அடுத்த ஒரு புள்ளியை உதாரணமாகக் கொள்வோர், அதன் அட்சரேகையை 11 பாகை 57 நிமிஷம் 36 விநாடி என்று எழுதலாம். பழைய படங்கள் இம்முறையைத் தழுவியவை. கடலிற் செல்வோரின் கருவிகள் பெரும்பாலும் 11 பாகை 57.6 நிமிஷம் என்று காட்டும். கைபேசிகளோ 11.96 பாகை என்று தசாம்சத்தில் தெரிவிக்கும். மூன்றும் ஒன்றே.

மாற்றும் கணக்கு எளிது. விநாடியை 60-ஆல் வகுத்து நிமிஷத்தோடு கூட்ட, 57.6 வரும். அதனை மீண்டும் 60-ஆல் வகுக்க, 0.96 கிடைக்கும். பாகையோடு கூட்டினால் 11.96. திரும்பவும் பழைய முறைக்கு வர, 0.96-ஐ 60-ஆல் பெருக்கினால் 57.6 நிமிஷம், எஞ்சிய 0.6-ஐ 60-ஆல் பெருக்கினால் 36 விநாடி. இதே விதமாக 79 பாகை 50 நிமிஷம் 24 விநாடி என்னும் தீர்க்கரேகை 79.84 ஆகும்.

பிழை நேரிடுவது, நிமிஷத்தையும் விநாடியையும் அப்படியே புள்ளிக்குப் பின் எழுதிவிடுவதால்தான். 1957-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ல் தசாம்ச நாணயம் வந்தபொழுது, எட்டணா என்பது எட்டுக் காசு அன்று, ஐம்பது காசு என்பதை ஜனங்கள் விரைவில் அறிந்துகொண்டனர். பஞ்சாங்கம் பார்ப்போரும் முப்பது நாழிகையை 0.30 நாள் என்று சொல்லமாட்டார்கள்; அது அரை நாள். அவ்வாறே 57 நிமிஷம் 0.57 பாகை ஆகாது. மேற்படி புள்ளியை 11.5736, 79.5024 என்று எழுதிவிட்டால், அது கோட்டக்குப்பத்தை விட்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே நகர்ந்து நெய்வேலிப் பக்கம் போய் விழும். தென்னந்தோப்பின் சேதத்தைப் பழுப்பு நிலக்கரி பூமியில் தேடுவார் நிலை உண்டாகும்.

கைபேசியே மாற்றித் தருகையில் இக்கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். யந்திரம் கொடுத்த இலக்கத்தை மாற்றுமேயன்றி, எழுதியவர் கருத்தை அறியாது. 11.5736 என்பதும் பூமியில் உள்ள ஓரிடமே. ஆதலால் அது மறுத்துச் சொல்லாது.

தொடக்கக் கோடும் கவனிக்கத்தக்கது. அடுத்துள்ள புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் படங்களில் தீர்க்கரேகை பாரிஸ் நகரிலிருந்து எண்ணப்பட்டது. பாரிஸ், கிரீன்விச்சுக்குக் கிழக்கே 2 பாகை 20 நிமிஷம் 14 விநாடி. எனவே 77 பாகை 30 நிமிஷம் 10 விநாடி என்ற பிரெஞ்சு இலக்கத்தோடு இதனைக் கூட்டினால்தான் 79 பாகை 50 நிமிஷம் 24 விநாடி வரும். 1802-ஆம் வருஷம் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய பெரிய அளவையின் வழிவந்த எவரெஸ்ட் முறைப் படங்களுக்கும், இக்காலக் கைபேசிகளுக்கும் நூறு மீட்டருக்கு மேலும் வித்தியாசம் உண்டு. ஆதலால் பழைய படத்தின் இலக்கத்தை விண்ணப்பத்தில் அப்படியே பெயர்த்தெழுதுதல் தகாது.

எத்தனை தசாம்ச ஸ்தானம் வேண்டும்? இப்பகுதியில் அட்சரேகையின் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். மூன்று ஸ்தானத்தோடு நிறுத்தினால் கடைசி இலக்கம் 110 மீட்டரைக் குறிக்கும். அது பக்கத்து வயலாகிவிடும். ஐந்து ஸ்தானம் எழுதினால் ஒரு மீட்டரளவுக்கு வரும்.

ஆகவே கிராமக் கணக்கில் எங்கும் தசாம்சப் பாகை ஒன்றே, ஐந்து ஸ்தானத்துடன், சர்வே நம்பருக்கு எதிரே எழுதப்படுதல் நலம். விண்ணப்பப் படிவங்களில் எந்த முறை என்று அச்சிட்டிருக்க வேண்டும். இக்கரையில் அட்சரேகை ஏறக்குறைய 11.95 முதல் 12.2 வரையிலும், தீர்க்கரேகை 79.8-க்கும் 80-க்கும் நடுவிலும் இருக்கும். இதற்குப் புறம்பான இலக்கத்தைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலர் அதனை ஏற்குமுன் வயலிலேயே மறுபடி பார்ப்பது கடமை. நிலச்சுவான்தாரும் தம் இலக்கத்தைப் பட்டாவோடு குறித்து வைத்துக்கொண்டு, கையொப்பமிடுமுன் ஒத்துப் பார்ப்பாராக. புயல் வந்த பின்னர்த் திருத்துவதைக் காட்டிலும் விதைக்கும் முன்னரே சரிபார்ப்பது எளிது.