முழுக்கை ரவிக்கைத் தீர்மானம்

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சென்ற தவணையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியை இனிமேல் கழுத்தை மூடி, முழுக்கை ரவிக்கை அணிந்தே மாணவர்முன் அமர வேண்டுமாம். அவருடைய வலது காதின் கீழிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு ஓடுகிறது. சிறு வயதில், லயத்து அறையில், குப்பி விளக்குச் சரிந்ததால் வந்தது. “மனம் நொந்து வரும் பிள்ளை அதைக் கண்டால் மேலும் கலங்காதா?” என்று கேட்டார் ஒருவர். “ஆறுதல் சொல்பவரின் தோற்றத்தில் அமைதி வேண்டாமா?” என்றார் மற்றொருவர். எதிர்த்து ஒரு சொல்லும் எழவில்லை. அந்த அறையில் நானும் இருந்தேன்.

மாத்தளையில் வடுவற்ற தோலைத் தேடுகிறார்கள்! இதைக் கேட்டுச் சிரிப்பதா, சினப்பதா? கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே இவ்வூருக்கு நடந்தவர்களின் வழிவந்தோர் நாம். வாந்திபேதியும் அம்மையும் அவ்வழியில் தின்ற உயிர்கள் எத்தனை! அக்காலத்துப் பெரியம்மைக்கு ஓர் இயல்பு உண்டு. ஒருமுறை பிழைத்தவரை அது பொதுவாக மறுமுறை தீண்டாது. ஆகவே நோயாளியின் பாயருகே அஞ்சாது அமர்ந்து, வேப்பிலை வீசி, கஞ்சி ஊட்டக்கூடியவர் யார்? முகமெல்லாம் தழும்பு விழுந்தவரே. அன்று தழும்பு நற்சான்றிதழாக இருந்தது. அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. நோயோடு அந்த அறிவும் ஒழிந்தது போலும்.

தீர்மானத்துக்காக உயர்ந்த கைகளைத்தான் பார்த்தேன். கவ்வாத்துக் கத்தி கிழித்த வடு ஒன்றில். குளவி கொட்டிய தடம் ஒன்றில். பின்வரிசையில் இருந்த மூதாட்டியின் முன்கையில் பச்சை. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய கோடு எத்தனை தாய்மாரின் நெற்றியில்! இவர்கள் தம் உடலையே குற்றஞ்சாட்டிக் கை உயர்த்தினார்கள். படித்தவர் என்றால் உழைப்பின் தடம் தெரியாதவர், ஏழ்மையின் தடம் தெரியாதவர் என்று இவர்களுக்குக் கற்பித்தவர் நாமன்றோ? நகரத்து இளைஞன் காசு கொடுத்துத் தோளில் குத்திக்கொண்டால் அது கலை. பாட்டியின் கையில் இருந்தால் அது நாகரிகக் குறைவு!

அறிவியல் பேசுவோருக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 900க்கு மேற்பட்ட நோயாளரிடம், பச்சை குத்திய வைத்தியரைப் பற்றிய எண்ணத்தைக் கேட்டறிந்து 2018இல் வெளியிட்டார்கள். பச்சையால் வைத்தியரின் திறமையை அவர்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவது வேறு, மனத்தைத் திறப்பது வேறு என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியாயின் மார்ஷா லினெஹனைப் பாருங்கள். தற்கொலை எண்ணத்தால் வதைபடுவோருக்கு இன்று பல நாடுகளில் பயன்படும் சிகிச்சைமுறை ஒன்றை வகுத்த உளவியலாளர் அவர். அவருடைய கைகளில் பழைய தழும்புகள் உண்டு. நீங்களும் எங்களில் ஒருவர்தாமா என்று ஒரு நோயாளி வினவினார். இளமையில் தாம் அடைபட்டிருந்த ஹார்ட்ஃபோர்ட் மனநல மருத்துவமனைக்கே 2011இல் சென்று, ஆம், ஒருவர்தாம் என்பதை அவர் பகிரங்கமாகக் கூறினார்.

நம் பிள்ளைகளை எவரும் கேட்கவில்லை. ஆசிரியையையும் கேட்கவில்லை, அவரது இசைவுடனேயே இதனை எழுதுகிறேன். அவரிடம் சென்றுவந்த மாணவர் சிலரிடம், அங்கே பேசியதைக் கேளாமல், தழும்பைப் பற்றி மட்டும் கேட்டேன். சங்கம் செய்திருக்க வேண்டிய வேலை அது. “டீச்சரின் கழுத்தைப் பார்த்த பிறகுதான், இவரிடம் சொல்லலாம் என்று தோன்றியது” என்றாள் ஒரு மாணவி. வேறொருத்திக்கு அது கண்ணிற் படவே இல்லையாம். ஒரு மாணவன் மட்டும், பார்க்க முடியவில்லை என்றான். காரணத்தையும் சொன்னான், அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அவன் துன்பம் மெய்யானது. அதனை மறைத்து வாதாட மாட்டேன். ஆனால் அவன் ரவிக்கை கேட்கவில்லை. எதிரே அமராமல் பக்கத்தில் அமரலாமா என்று ஆசிரியையிடமே கேட்டிருக்கிறான். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார். இருவரும் சன்னலைப் பார்த்தபடி பேசினார்களாம்.

தழும்பைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு அவர் இரண்டே வாக்கியத்தில் விடை சொல்கிறார். பிறகு பிள்ளையின் கதைக்குத் திரும்புகிறார். தம் கதையை விரித்து, வந்தவரையே தமக்கு ஆறுதல் சொல்ல வைப்பவரைக் கண்டித்தால் நானும் உடன் நிற்பேன். அந்தக் குற்றம் நாவினுடையது, தோலினுடையதன்று.

குப்பி விளக்குச் சுட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்துச் சலித்த விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், எளிதிற் சரியாத விளக்கொன்றை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். காயம் நேராதிருக்க அவர் வழி தேடினார். மின்சாரம் எட்டாத லயத்தில் ஒரு குழந்தையைக் குப்பி விளக்கோடு விட்டுவைத்த சமூகமோ, அவள் வளர்ந்து ஆசிரியையாகி வந்தபின் காயத்தை மூட இரண்டு முழம் துணி தேடுகிறது.

தீர்மானத்தை நீக்கக் கோரும் பிரேரணையை எழுத்திற் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய இதுவரை ஓர் ஆசிரியர் மட்டுமே இசைந்திருக்கிறார். அடுத்த கூட்டம் வரும்வரை, இந்த வெயிலில், ஆசிரியை முழுக்கை ரவிக்கையோடுதான் வந்து போகிறார்.