வாடகை தண்டமாம்!

"மாசாமாசம் வாடகை தண்டமாப் போகுதே, அதையே இ.எம்.ஐ.யா கட்டினா வீடு நம்மளுது ஆகும்ல?"

இந்த வசனத்தைக் கேட்காத ஐ.டி.காரன் உண்டா மக்களே? எனக்கு ஊருக்குப் போனாலே இதுதான். ஊருன்னா அமிர்தி பக்கம், வேலூர்லேர்ந்து 25 கிலோமீட்டர். (ஜூ பாக்க வந்திருப்பீங்க.) இப்ப பொண்ணு பாக்க ஆரம்பிச்சதும், "சென்னையில சொந்த வீடு இருக்கா?"ன்னுதான் முதல் கேள்வியே வருது.

சரி, கணக்கையே பாத்துடலாம். வேளச்சேரியில நான் இருக்கிற வீட்டுக்கு வாடகை 18 ஆயிரம். பக்கத்துத் தெருவுல எழும்பிட்டிருக்கிற அதே அளவு ஃபிளாட் 62.5 லட்சம். வங்கி 80% தான் தரும், அதாவது 50 லட்சம். மீதி 12.5 லட்சம், பத்திரச் செலவு 7%, ஜி.எஸ்.டி. 5%... ஏறக்குறைய 20 லட்சம் ரொக்கமா கையில வேணும். அதை 6.5% எஃப்.டி.யில போட்டாலே மாசம் 10 ஆயிரத்துக்கு மேல வட்டி வரும்!

8.5% வட்டி, 20 வருஷம்னா இ.எம்.ஐ. 43,391 ரூபாய். முதல் மாசம் அதுல வட்டி மட்டுமே 35,400 சொச்சம். அசல்ல கழியறது எட்டாயிரம் கூட இல்லை. ஆக, 18 ஆயிரம் ஹவுஸ் ஓனருக்குக் குடுத்தா தண்டம், 35 ஆயிரம் வங்கிக்குக் குடுத்தா சேமிப்பு! என்ன லாஜிக்குங்க இது?

"வரி மிச்சமாகுமே"ம்பாங்க. நாம குடியிருக்கிற வீட்டுக்கு வட்டிக் கழிவு வருஷத்துக்கு 2 லட்சம்தான், அதுவும் பழைய வரி முறையில மட்டும். முதல் வருஷ வட்டியே 4 லட்சத்தைத் தாண்டுது. ஜி.எஸ்.டி.யாவது குறையுமான்னா, 1% சலுகைக்கு வீடு 45 லட்சத்துக்குள்ள இருக்கணும், சென்னையில 60 சதுர மீட்டரையும் தாண்டக் கூடாது. 2019ல போட்ட கோடு இது. அந்த விலைக்கு வீடு தேடிப் போனா செங்கல்பட்டே வந்துடும் போல :-)

ஊர்ப் பெரியவங்களைக் குத்தம் சொல்லலை. எங்கப்பா ஒரு அறுவடைக்கு ஒரு சுவருன்னு ஏழு வருஷம் கட்டினாரு. ஒரு பைசா வட்டி கிடையாது. அவருக்கு வீடுன்னா சொத்து, சரிதான். அதே வார்த்தையை 20 வருஷக் கடனுக்கும் சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அடுத்த அப்ரைசல் வரைக்கும் வேலை இருக்குமான்னே தெரியாதவன் 240 மாசத்துக்குக் கையெழுத்துப் போடணுமாம்.

கையில காசு இருக்கிறவங்க, ஹவுஸ் ஓனர் தொல்லை தாங்காதவங்க தாராளமா வாங்குங்க. ஆனா என்னைத் தண்டம்னு திட்டறதுக்கு முன்னாடி, வங்கியில வருஷா வருஷம் தர்ற வட்டி சர்டிபிகேட்டை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு வாங்க. பின்னூட்டத்துல பேசிக்கலாம்.