சொற்றேடலும் விரிதாளும்

தமிழ் நூல்கள் பலவும் இந்நாளிற் கணினியில் ஏறிவிட்டன. 1998-ஆம் ஆண்டிலே தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பயனாகத் திருக்குறள் முதலிய நூல்களை எவரும் விலையின்றிப் பெறலாம். பைத்தான் மொழியிற் சில வரி நிரல் எழுதத் தெரிந்தோர், ஒரு சொல் வருமிடங்களையெல்லாம் நொடிப்பொழுதிலே தேடியெடுத்து விரிதாட் கோப்பாக்கிக் கொள்ளலாம். இது பெரும்பேறே. எனினும், அக்கோப்பு ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதே யான் ஈண்டுக் கூற விழைவது.

யான் பட்டதைக் கூறுவேன். வகுப்பிற் படித்த கட்டுரையொன்றில், திருக்குறளிலே 'அறம்' என்னுஞ் சொல் இத்துணை முறை வருகின்றதென ஓரெண்ணைத் துணிந்து எழுதினேன். ஆசிரியர் புன்னகையுடன், "அறன் எங்கே போயிற்று, தம்பி?" என்று வினவினார். நாணித் தலைகுனிந்தேன். பின்னர் ஆராய்ந்தபோது உண்மை விளங்கிற்று. மகரவீறு வல்லினத்தின் முன் இனமெல்லெழுத்தாகத் திரிதலின், சந்தி பிரியாத பாடத்தில் 'அறங்கூறான்', 'அறஞ்சாரா' என்பன என் வலையிற் படா. 'இல்லறம்' போன்ற சொல்லில் அகரம் முன்னின்ற மெய்யிலேறி மறைதலின் அதுவும் தப்பும். இவற்றைப் பிடிக்கக் கருதி 'அற' என்று மட்டும் தேடியபோதோ, 'அறிவு' முதலியன வந்து குவிந்தன. யுனிகோடு முறையில் உயிர்க்குறி தனியே நிற்றலின், 'அறி' என்பதனுள் 'அற' அடங்கியிருக்கின்றதன்றோ! நன்னூற் புணரியலை அறியாதான் எழுதும் நிரல் குறையுடைத்தென அன்று உணர்ந்தேன்.

இனிக் கோப்பெழுதும் வகையைக் கூறுவேன். எண்ணிக்கையை மட்டும் எழுதுதல் போதாது. குறளெண், அதிகாரம், கண்ட சொல்வடிவம், குறள் முழுமை என்பவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதி, நாமே நோக்கித் துணிந்தது இன்னதென்று குறித்தற்கு ஒரு பத்தியை வெறிதே விடுதல் வேண்டும். வேதாகமத்தில் தேடுவோர் அதிகாரத்தையும் வசனத்தையும் '3:16' என ஒருங்கெழுதினால், எக்ஸெல் அதனை மணிக்கணக்காகக் கொண்டுவிடும். ஆகலின் இரண்டினையும் வேறு வேறு பத்தியில் இடுக. சி.எஸ்.வி. கோப்பாயின், யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தை அதன் தலைக்குறியோடு எழுதுக. இல்லையேல் எக்ஸெலில் தமிழெழுத்துச் சிதைந்து தோன்றக்கூடும்.

"கணினியே தேடித்தரின் நூலைப் பயிலுதல் எற்றுக்கு?" என்பர் சிலர். இயேசு சபைக் குருவாகிய ரொபெர்த்தோ பூசா, தூய தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்யக் கருதி, 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையை நாடினார். பொறிகள் துணைநின்றும், 56 தொகுதிகளாக அவ்வடைவு அச்சேறி முடிதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. பொறி விரைவைத் தரும்; தெளிவைத் தருவது கற்றார் கண்ணே.

நண்பர்காள்! நூறு ஆடுகளுள் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நாம் அறிவோம். கோப்பில் வந்து நிறைந்த வரிகளைக் கண்டு மகிழ்தலோடு அமையாது, வாராது நின்ற ஒரு சொல்லைத் தேடிச் செல்லுதலே மாணவர்க்கு அழகாம்.