விருந்தாளிக்குத் திறந்த வாசல்

மாலத்தீவுகளுக்குத் தெற்கே, இந்து மகா சமுத்திரத்தில் உள்ள சாகோஸ் தீவுக் கூட்டத்தில், சாலமன் என்றொரு பவளத் தீவு வளையம். பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களுக்குப் பிடித்த துறை அது. வெளியே கடல் சீறினாலும் உள்ளே குளம் போல இருக்கும். நீருக்கடியில் இருக்கும் பாறைகள் தெரிய வேண்டும் என்பதால், சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் நுழைவார்கள். கடை கிடையாது, ஆளரவம் கிடையாது.

அந்த அமைதி இயற்கை தந்ததல்ல. பொடாம் தீவில் இறங்கினால் தென்னைகளுக்கு நடுவே இடிந்த மாதா கோயிலும் கல்லறைகளும் தென்படும். கொப்பரைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். டீகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைவதற்காக, 1973க்குள் சாகோஸ் மக்கள் அத்தனை பேரையும் பிரிட்டன் வெளியேற்றியது. மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

பின்னாளில், கட்டணம் கட்டி அனுமதி வாங்கிய படகுகள் சாலமனில் வாரக்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. மண்ணின் மக்களிலோ சுமார் 100 பேர், 2006இல், முன்னோரின் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

பிரிட்டன் இந்தத் தீவுகளை விட்டு வெளியேற வேண்டும் என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது. மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானது. அதன்படி, டீகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் மக்களை மீண்டும் குடியேற்ற மொரிஷியஸுக்கு வழி உண்டு.

அவர்கள் திரும்பினால் சாலமனின் அமைதி கலையும். கலையட்டுமே.