பாரவண்டிக்கு வேண்டுவது இழுவையே

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களிலிருந்து நெல்லும் காய்கறியும் ஏற்றிப் புதுச்சேரிப் பட்டணம் வரும் பாரவண்டி, விரைந்தோடும் தூரம் சொற்பமே. புறப்படுமிடம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய வயலோரப் பாதை. சேருமிடம் நேரு வீதியை அடுத்த நெரிசல். ஈரிடத்தும் முழுப் பாரத்தோடு நின்று நின்று கிளம்பவேண்டும். அவ்வாறிருந்தும், வண்டி வாங்கும் குடியானவர் பலர் குதிரைசக்தி எவ்வளவு என்பதையே முதலில் வினவுகின்றனர். இவ்வழக்கம் திருந்துதல் அவசியம்.

குதிரைசக்தியாவது, முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. நிமிஷத்துக்கு 1,500 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் எஞ்சினும், 3,000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினும் அவ்வவ் வேகத்தில் அளிப்பது ஒரே சக்தி. சுமார் 42 குதிரைசக்தி. ஆயினும் சேற்றிலிருந்து கிளம்புங்கால் முன்னது எளிதில் நகரும். பின்னதை உறுமவிட்டே நகர்த்தவேண்டும். கீழ்க் கியரால் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். எனினும் கிளட்சுத் தகடு விரைவில் தேயும்.

எவ்வேகத்தில் இழுவை மிகும் என்பதை நிர்ணயிக்கும் உறுப்புக்களுள் ஒன்று, எஞ்சினுக்குள் காற்றைப் பகிர்ந்து செலுத்தும் கிளைக்குழாய். பட்டறைகளில் மேனிபோல்டு எனப்படுவது. குறுகிய வாய்க்காலில் சிறிது நீரும் விசையோடு ஓடுவதையும், அகன்ற வாய்க்காலில் அதே நீர் மந்தமாய் ஊர்வதையும் குடியானவர் அறிவர். காற்றின் இயல்பும் அத்தகையதே. நீண்டு குறுகிய குழாயில், எஞ்சின் மெல்லச் சுழலும்போதும் காற்று வேகங்கொண்டு சிலிண்டரை நன்கு நிரப்பும், இழுவை கூடும். குட்டையாய் அகன்ற குழாய் அதிவேகத்துக்கே ஏற்றது. அங்கே குறுகிய குழாய் காற்றுக்குத் தடையாகும். ஆகவே, பந்தய வண்டிக்கு நன்மையாவது பாரவண்டிக்கு நஷ்டமாகும்.

பழைய பெட்ரோல் வண்டிக்கு அகன்ற குழாய் பொருத்தினால் சக்தி பெருகும் என்ற யோசனையை ஏற்பது விவேகமன்று. மெதுவான ஓட்டத்தில் பெட்ரோல் துளிகள் காற்றோடு நன்கு கலவாமல் குழாயிலேயே படியும், எரிபொருள் விரயமாகும். மேலும், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. குழாயை மாற்றுமுன் அதனையும் கருதவேண்டும்.

டர்போ பொருத்திய டீசல் வண்டிகளில் காற்று அழுத்தத்தோடு செலுத்தப்படுவதால், குழாயின் நீளம் அத்துணை முக்கியமன்று. அவற்றில், அதிகபட்ச முறுக்கு விசை எத்தனை சுற்றில் தொடங்குகிறது என்பதையே பார்க்கவேண்டும். அத்தொகை குறையக் குறைய நன்று. இழுவை திடீரெனக் குறைந்து கரும்புகை எழுந்தால், பெருஞ்செலவுக்கு முன் காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டுள்ளதா, குழாய் இணைப்புகளில் கசிவுண்டா என்று சோதித்தல் வேண்டும். அறுவடைக் காலத் தூசியில் வடிகட்டி விரைவில் அடைபடும்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். கடன் பெற்று வண்டி வாங்குவோர் முறுக்கு விசை விவரத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கி, கூடுமாயின் பாரமேற்றி, மண்பாதையில் ஓட்டிப் பார்த்தே பணங்கட்டுதல் வேண்டும். ஏரைத் தேர்ந்தெடுக்கையில் மண்ணைப் பார்ப்பவர், வண்டியைத் தேர்ந்தெடுக்கையிலும் அதனையே பார்ப்பாராக.